அறிமுகம் வேறு, சிபாரிசு வேறு

(சட்டம் பயில விரும்பும் மாணவியர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும்)

யானைக்கவுனியிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். தங்கசாலைத் தெருவைத் தாண்டி, என்.எஸ்.சி. போஸ் சாலையில் கிழக்கு நோக்கி நடந்தால் அரை மணி நேரத்தில் அந்தச் சிவப்புக் கோபுரங்கள் கண்ணில் படும். 1892 இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. அதன் உயர்ந்த கோபுரத்தின் மேல்தான் 1894 முதல் 1977 வரை சென்னைத் துறைமுகத்தின் கலங்கரை விளக்கம் எரிந்தது. கப்பல்களுக்கு அவ்வளவு பழக்கமான அக்கட்டடம், துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைக்கும் நம் குடும்பங்களுக்கு மட்டும் அந்நியமாகவே இருந்து வருகிறது.

நம் மாணவி ஒருத்தி, "நான் சட்டம் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லட்டும். அப்பா முதலில் கேட்பது கல்லூரிச் சம்பளம் எவ்வளவு என்றல்ல. "அங்கே நமக்கு யாரைத் தெரியும்?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவே அதை மெல்ல ஒதுக்கிவிடாமல், அதற்கே விடை தேடுவோம்.

மருத்துவம் படித்தவளுக்குக் கல்லூரி மருத்துவமனையே பயிற்சி தருகிறது. ஆசிரியப் பயிற்சி பெறுகிறவளைக் கல்லூரியே ஒரு பள்ளிக்கு அனுப்பி வைக்கிறது. சட்டம் படித்தவள் நிலை அப்படியன்று. பட்டம் பெற்று, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, 2011 முதல் நடந்துவரும் அகில இந்திய பார் தேர்விலும் தேறிவிட்டால் சட்டப்படி அவள் வழக்கறிஞர். கறுப்பு அங்கி அணிந்து நீதிபதி முன் நிற்கலாம். ஆனால் ஒரு மனுவை எப்படி எழுதுவது, எந்தக் கவுண்ட்டரில் தாக்கல் செய்வது, கட்சிக்காரர் சொல்லாமல் மறைப்பதை எப்படிக் கேட்டறிவது என்பதெல்லாம் கல்லூரிப் புத்தகத்தில் இல்லை. அதை ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்துதான் கற்க வேண்டும்.

முற்காலத்தில் இப்பயிற்சி கட்டாயமாக இருந்தது. உயர் நீதிமன்றத்தில் பதிவு பெறுமுன் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் அப்ரண்டிஸாக இருக்க வேண்டும். அட்டர்னியாக விரும்பியவர்கள் ஓர் அட்டர்னி நிறுவனத்தில் ஒப்பந்த எழுத்தராகச் சேர்ந்து சில ஆண்டுகள் வேலை கற்றார்கள். 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் பயிற்சியும் தேர்வும் இருந்தன. 1973 இல் நீக்கப்பட்டன. 1976 ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டர்னி என்ற தனிப் பிரிவையே ஒழித்தது. இந்திய பார் கவுன்சில் 1995 இல் ஓராண்டுப் பயிற்சியை விதியாக்கிப் பார்த்தது. அப்படி விதிக்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லை என்று 1999 இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. இன்று பயிற்சி கட்டாயமில்லை. அதனாலேயே, பயிற்சி இடம் தர வேண்டிய கடமையும் எவருக்கும் இல்லை. தகப்பனோ மாமனோ வக்கீலாக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே ஆகாது. அவன் பள்ளி விட்டு வரும்போதே வழக்குக் கட்டுகளின் மேல் ஏறி விளையாடியிருப்பான். நம் பெண்ணுக்குத்தான் இது மலை.

சீனியர் அலுவலகத்தில் ஜூனியர் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் வருவது அரிது. வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குத் தேடக்கூடாது என்பது அவர்களுடைய தொழில் விதி. அந்தப் பழக்கம் ஆள் தேடுவதிலும் ஒட்டிக்கொண்டது போலும். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு, "அந்தப் பெண் ஒழுங்காக வேலை செய்வாள்" என்ற வாய்ச்சொல்லால்தான் இடங்கள் நிரம்புகின்றன. பம்பாய், தில்லி போன்ற நகரங்களின் பெரிய சட்ட நிறுவனங்கள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கே வந்து ஆள் எடுக்கின்றன. அங்கும், மாணவப் பருவத்தில் சில வாரம் தங்களிடம் வேலை பார்த்தவளையே பல நிறுவனங்கள் விரும்புகின்றன. ஆக, எங்கு போனாலும் ஒருவருக்காவது நம்மைத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருப்பது என்றால் என்ன? இங்கேதான் நம்மவர் பலர் தடுமாறுகிறார்கள். அறிமுகத்தையும் சிபாரிசையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். இவ்வேற்றுமையை விளக்கக் காந்தியடிகளின் இளமைக் காலத்தைப் போல் எடுப்பான உதாரணம் வேறில்லை. அவர் மகாத்மா ஆகுமுன் வேலையில்லாத வக்கீலாக இருந்தவர் என்பதைப் பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். சற்று நின்று பார்ப்போம்.

1891 ஜூன் மாதம் லண்டனில் அவர் பாரிஸ்டர் ஆனார். வயது 21. சட்டம் படித்தாயிற்று, தொழில் செய்யத் தெரியாது. தாதாபாய் நௌரோஜிக்கு ஓர் அறிமுகக் கடிதம் அவரிடம் இருந்தது. இவ்வளவு பெரிய மனிதரைத் தொந்தரவு செய்ய நமக்கென்ன உரிமை என்று கூசி, அக்கடிதத்தை வெகுநாள் கொடுக்காமலே வைத்திருந்தார். ஒருநாள் துணிந்து கொடுத்தார். நௌரோஜியோ, எப்போது வேண்டுமானாலும் வந்து ஆலோசனை கேட்கலாம் என்று அன்போடு சொன்னார். அப்படியும் காந்தி போகவில்லை! நம் வகுப்பில் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்து, சந்தேகத்தைக் கேட்காமலே வீட்டுக்குப் போகும் பிள்ளைகளை இது எனக்கு நினைவூட்டுகிறது.

பின்னர் பிரெடரிக் பின்கட் என்ற ஆங்கிலேயரிடம் போய்த் தம் அச்சத்தைச் சொன்னார். பின்கட் அரசியலில் கன்சர்வேடிவ் கட்சிக்காரர். ஆனால் இந்திய மாணவர்மேல் பிரியம் உள்ளவர். எல்லோரும் பிரோஸ்ஷா மேத்தா ஆக வேண்டியதில்லை, சாதாரண நேர்மையும் உழைப்பும் இருந்தால் பிழைப்புக்குப் போதும் என்று தைரியம் சொன்னார். இவர் படித்திருந்த புத்தகங்கள் மிகக் குறைவு என்று கண்டு, எதை எதைப் படிக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் புத்தகங்களால் காந்திக்குப் பெரிய பயன் விளையவில்லை. மனத்தில் தைரியம் வந்தது. ஒரு சந்திப்பிலிருந்து அவ்வளவு கிடைத்தாலே லாபம்தான்.

இந்தியா திரும்பினார். பம்பாயில் வழக்கு வரவில்லை. வழக்குக் கொண்டுவரும் தரகர்களுக்குக் கமிஷன் தர மறுத்தார். ஸ்மால் காஸ் கோர்ட்டில் வந்த முதல் வழக்கில் எழுந்து நின்றவருக்கு நா எழவில்லை. 30 ரூபாய்க் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினார். ராஜ்கோட்டுக்குப் போய் மனு எழுதிப் பிழைத்தார்.

அங்கேதான் அந்தச் சம்பவம் நடந்தது. அவருடைய அண்ணன்மேல் அதிகாரிகளுக்கு ஒரு சந்தேகம் விழுந்திருந்தது. அங்கிருந்த ஆங்கிலேய அரசியல் ஏஜெண்டைக் காந்திக்கு லண்டனில் கொஞ்சம் பழக்கம். "உனக்குத்தான் அவரைத் தெரியுமே, எனக்காக ஒரு வார்த்தை சொல்" என்று அண்ணன் வற்புறுத்தினார். காந்திக்கு மனமில்லை, இருந்தும் போனார். அந்தத் துரை பேச்சைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. இவர் மேலும் பேச முயலவே, பியூனைக் கூப்பிட்டு வெளியே தள்ளச் சொன்னார். வழக்குப் போடலாமா என்று பிரோஸ்ஷா மேத்தாவிடம் ஒருவர் மூலம் கேட்டதற்கு, அவமானத்தை விழுங்கிக்கொள்ளச் சொன்னார் மேத்தா. லண்டன் பழக்கம் ஒரே நாளில் மண்ணாயிற்று.

கொஞ்ச காலத்தில் அதே அண்ணன் வழியாக வேறொன்று வந்தது. போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வணிகர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு பெரிய வழக்கு. 40,000 பவுன் சம்பந்தப்பட்டது. ஆங்கிலமும் குஜராத்தியும் அறிந்த ஓர் இளைஞர் அங்குள்ள வக்கீல்களுக்கு உதவியாக வேண்டும். தாதா அப்துல்லா நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவரிடம் அண்ணன் இவரை அழைத்துப் போய் அறிமுகம் செய்தார். வேலை என்ன என்று கேட்டார் இவர். அது கடினமாக இராது என்றார்கள். ஓராண்டுக்கு மிகாத வேலை, 105 பவுன் ஊதியம், போகவர முதல் வகுப்புக் கட்டணம் என்று பேசி முடிந்தது. 1893 இல் கப்பலேறினார். பிரிட்டோரியாவில் கணக்குப் புத்தகங்களைத் துருவிப் படித்தார். குஜராத்திக் கடிதங்களை மொழிபெயர்த்தார். அட்டர்னிக்கு வழக்கின் விவரங்களைத் தயாரித்துக் கொடுத்தார். வக்கீல் தொழிலை உள்ளபடி கற்றது அந்த ஓராண்டில்தான் என்று பின்னாளில் அவரே கருதினார்.

மாணவியரே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணன் ஒருவரே; தம்பியும் ஒருவரே. முதல் முறை கேட்டது, முடிவைத் திருப்ப ஒரு சலுகை. இரண்டாம் முறை கேட்டது, ஒரு வேலை. முன்னது சிபாரிசு; பின்னது அறிமுகம். அறிமுகம் வாசல்வரைதான் கொண்டு விடும். அதற்கு மேல் கணக்குப் புத்தகத்தைத் துருவ வேண்டியது நாமே.

இனி நம் ஊருக்கு வருவோம். யாரையும் தெரியாது என்கிறோம்; பொறுமையாக எண்ணிப் பார்த்தால் அது முழு உண்மையன்று. அப்பாவின் தொழிற்சங்கத்துக்கு ஒரு வக்கீல் இருப்பார். சங்கச் செயலாளர் அவரை மாதம் இருமுறை பார்ப்பவர். வீட்டுப் பத்திரம் பதிந்தபோது எழுதிய பத்திர எழுத்தர் பத்து வக்கீல்களை அறிவார். தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் மாடிக்கு மாடி வக்கீல் அலுவலகங்கள். அங்கே தட்டச்சு செய்கிறவரோ குமாஸ்தாவோ உங்கள் தெருக்காரராக இருக்கலாம். குமாஸ்தாவை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். எந்தச் சீனியர் ஜூனியர்களுக்குக் கற்றுத் தருவார், எவர் வெறுமனே வாய்தா வாங்க மட்டும் ஓடவிடுவார் என்ற செய்தி, பார் கவுன்சிலைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நம் பள்ளியின் பழைய மாணவியர் பட்டியலையும் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒருவரையுமே தெரியாதென்றாலும் நீதிமன்றம் இருக்கிறது. பெரும்பாலான வழக்குகள் திறந்த மன்றத்தில் நடப்பவை. அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போய்ப் பின்வரிசையில் அமைதியாக உட்காரலாம். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநகர உரிமையியல் நீதிமன்றமும் இருக்கிறது. தொடக்கத்தில் அதுவே நல்ல பள்ளி. ஏனெனில் அங்கே சாட்சி விசாரணை நடக்கும். நான்கு நாள் உட்கார்ந்தால், யார் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் நீதிபதியின் கோபத்தை நிதானமாக வாங்கிக்கொள்கிறார், யார் தம் ஜூனியரைப் பேச விடுகிறார் என்பது தெரிந்துவிடும். கடைசியில் சொன்னதை முக்கியமாகக் கவனியுங்கள்.

பிறகு கடிதம். "எனக்குத் தங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் தந்து என் வாழ்வில் ஒளியேற்றுங்கள்" என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதைப் படிப்பவருக்கு இல்லை என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. சிறியதாக, பதில் சொல்லத்தக்கதாகக் கேளுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நான் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. என் குடும்பத்தில் இத்தொழிலில் எவரும் இல்லை. சென்ற வாரம் மாநகர உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் தாங்கள் குறுக்கு விசாரணை செய்ததைப் பின்வரிசையிலிருந்து கேட்டேன். பதிவு செய்யாத ஒரு பத்திரத்தைத் தாங்கள் ஆட்சேபித்தபோது, ஆட்சேபணையைக் குறித்துக்கொண்டு நீதிமன்றம் அதை ஏற்றது. ஏன் அப்போதே தள்ளவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. தங்களுக்கு வசதியான ஒரு நாளில் பத்து நிமிடம் அனுமதித்தால் நேரில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள"

இதில் இடம் என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? எழுதியவள் நீதிமன்றத்துக்கு வந்தவள், கவனித்தவள், யோசித்தவள் என்பது தானே தெரிகிறது. பத்துப் பேருக்கு எழுதினால் இருவர் பதில் போடுவார்களோ என்னவோ. அதற்காகச் சோர வேண்டாம். பதில் சொன்னவரிடம் பத்து நிமிடம் என்றால் பத்தே நிமிடம் இருங்கள். படிக்கச் சொன்ன தீர்ப்பைப் படித்துவிட்டு, இரண்டு வாரத்தில் நான்கு வரி எழுதி நன்றி சொல்லுங்கள். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இந்த நான்கு வரியைத்தான். அடுத்த விடுமுறையில் பயிற்சிக்கு வரலாமா என்று மூன்றாவது முறைதான் கேட்பது.

அந்தப் பயிற்சி வீண் சம்பிரதாயமன்று. 2008 ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் மாணவர்கள் பயிற்சி பெற்றாக வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. அதாவது, கல்லூரியில் இருக்கும்போதே நான்கைந்து அலுவலகங்களைப் பார்க்கும் வாய்ப்பு. கையெழுத்துக்காக மட்டும் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் இழப்பது ஜூனியர் இடத்தை.

பெற்றோருக்கும் தலைமையாசிரியைக்கும் ஒரு வார்த்தை. பெண்ணுக்காகக் கடிதம் கொடுக்கிறவர்கள், "நற்குணமுள்ளவள், உதவி செய்யவும்" என்று எழுதினால் அது சிபாரிசாகிவிடும். "இவள் எங்கள் பள்ளி நூலகப் பதிவேட்டை இரண்டாண்டு தவறில்லாமல் எழுதினாள்" என்று எழுதினால் அது அறிமுகம். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

தாய்மார்களுக்குள்ள அச்சத்தையும் மறைக்க வேண்டியதில்லை. வக்கீல் அலுவலகங்களில் கட்சிக்காரர் வருவது மாலையில். இரவு எட்டரை ஒன்பதும் ஆகும். அங்கே வேறு பெண் ஜூனியர்கள் உண்டா, எத்தனை மணிக்கு விடுவார்கள், பஸ் எங்கே என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. முதல் சந்திப்புக்கு அம்மாவும் உடன் போகலாம். நல்ல சீனியர் தப்பாக எண்ண மாட்டார். அலுவலகம் அல்லாத இடத்துக்குத் தனியே வரச் சொல்கிறவரிடம் இடம் கிடைத்தாலும் வேண்டாம். அதை உடனே வீட்டில் சொல்லிவிட வேண்டும். பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் பெண்களின் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013 ஆம் ஆண்டுச் சட்டம். உயர் நீதிமன்றத்தில் பெண் வழக்கறிஞர்களுக்கென்று சங்கமும் இருக்கிறது.

பணம் பற்றியும் கேட்கலாம். ஜூனியருக்குக் கற்றுத் தருவதே கூலி என்று எண்ணிய காலம் நெடுங்காலம் நீடித்தது. பஸ் கட்டணத்துக்கே அப்பாவிடம் கை நீட்டி, இரண்டாம் ஆண்டில் தொழிலை விட்டவர்கள் எத்தனையோ பேர். வசதியில்லாத வீட்டுப் பெண்கள்தாம் முதலில் விட்டார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய்க்குக் குறையாமலும் தரச் செய்யும்படி பார் கவுன்சிலுக்குக் கூறியது. எல்லா அலுவலகத்திலும் அத்தொகை கைக்கு வந்துவிடும் என்று நம்பிப் போக வேண்டாம். எவ்வளவு தருவீர்கள் என்று முதல் வாரத்திலேயே பணிவாகக் கேட்பது தவறல்ல என்பதற்கு அத்தீர்ப்பு நமக்குத் துணை.

வழி புதிதல்ல. பெண் என்ற காரணத்தால் எவரையும் வக்கீல் தொழிலிலிருந்து விலக்கக்கூடாது என்ற சட்டம் 1923 இல் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் வழக்கறிஞராக ஆனந்தபாய் 1929 இல் பதிவு செய்துகொண்டார். பக்கத்துத் திருவிதாங்கூரில் அன்னா சாண்டி 1937 இல் முன்சீப்பாகி, 1959 இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். நம் உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதியாகப் பத்மினி ஜேசுதுரை அமர 1986 வரை ஆயிற்று. 1929 க்கும் 1986 க்கும் இடையே 57 ஆண்டு. இக்கணக்கை மாணவியர் தாமே யோசித்துக்கொள்ளட்டும்.

முடிக்குமுன், காலம் பற்றி ஒரு குறிப்பு. கோடை விடுமுறையில் பயிற்சி பெறலாம் என்று மே மாதத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் அதிகம். மே மாதத்தில் உயர் நீதிமன்றத்துக்கும் உரிமையியல் நீதிமன்றங்களுக்கும் விடுமுறை. அவசர வழக்குகளுக்கு மட்டும் விடுமுறை அமர்வு உண்டு. காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வர நேரிடும். மே மாதத்தில் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் ஒருவரிடம் கேளுங்கள். அங்கே வேலை நடக்கும். உரிமையியல் வழக்கு பார்க்க வேண்டுமானால், கல்லூரியின் அடுத்த பருவ விடுமுறைக்கு, இரண்டு மாதம் முன்கூட்டியே கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிடுங்கள்.